வளர்ந்தோர் வகுப்பில் நகைச்சுவை: ஆசிரியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில் ஞாயிறு காலைகளில் நடக்கும் பேச்சு ஆங்கில வகுப்புக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் வாரம் முழுவதும் பொறுப்பான ஓரிடத்தில் இருப்பவர்கள். புறக்கோட்டை மொத்தக் கடையில் கணக்கு எழுதுபவர், வங்கிக் காசாளர், தாதி உத்தியோகத்தர், பிள்ளையின் வீட்டு வேலையைச் சொல்லிக்கொடுக்க முடியாமல் தவிக்கும் தாய் என ஒவ்வொருவரும் தத்தமது இடத்தில் மதிப்போடு அழைக்கப்படுபவர்கள். வகுப்பறைக்குள் நுழைந்ததும் மட்டும் இரண்டு வசனம் பேசத் தடுமாறும் மாணவர்களாகிவிடுகிறார்கள். அந்தத் தடுமாற்றத்தைப் போக்க ஆசிரியர் முதலில் கையில் எடுப்பது பெரும்பாலும் நகைச்சுவையைத்தான். அது நல்ல கருவிதான், ஆனால் பள்ளிப் பிள்ளைகளிடம் பழகிய கையோடு வளர்ந்தோரிடமும் அதை எடுத்தால் காயம் படும். இங்கே சொல்லப்படும் தவறுகளில் பாதியை நானே செய்திருக்கிறேன்.

முதலாவதும் மிகப் பெரியதுமான தவறு, மாணவரின் உச்சரிப்பை வைத்துச் சிரிக்க வைப்பது. கடைக்கு வந்த வாடிக்கையாளரை உபசரிப்பது போல ஒரு பயிற்சி கொடுத்திருந்தேன். ஐம்பதைத் தாண்டிய கடைக்காரர் ஒருவர் எழுந்து, கோப்பி குடிக்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்க நினைத்து, ‘வுட் யூ லைக் எ கொப்பி?’ என்றார். கொப்பி என்றால் நம் பேச்சில் எழுதுகிற பயிற்சிப் புத்தகம். நான் யோசிக்காமல், “கொப்பிக்குச் சீனி எத்தனை கரண்டி?” என்றேன். வகுப்பே சிரித்தது, அவரும் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து அவருக்கும் அது பிடித்துவிட்டது என்று நான் எண்ணியதுதான் உண்மையான தவறு. வளர்ந்த மனிதர் பலர் முன்னிலையில் தம்மைப் பற்றிய பகிடிக்குச் சிரிக்காமல் இருக்க முடியாது; சிரிக்காவிட்டால் முகம் கறுத்துவிட்டது என்பார்கள். அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார், மூன்றாவது ஞாயிறு வரவில்லை.

கொழும்பில் ஆங்கிலத்தைப் பற்றிய சிரிப்புக்குப் பின்னால் ஒரு பழைய வலி இருக்கிறது. சிங்களப் பல்கலைக்கழக மாணவர் வழக்கில் ஆங்கிலத்துக்கு ‘கடுவ’, அதாவது வாள், என்று பெயர். அந்த மொழியைப் பேசத் தெரிந்தவர் தெரியாதவரை வெட்டி வீழ்த்துகிறார் என்பதே அதன் பொருள். வாள் என்று பெயர் வாங்கிய மொழியைக் கற்றுக்கொள்ள வந்தவரை அதே வாளால் கீறிவிட்டு, சும்மா பகிடிக்குத்தான் என்று சொல்லித் தப்பித்துவிட முடியாது.

அப்படியானால் அந்தக் ‘கொப்பி’யை என்ன செய்திருக்க வேண்டும்? சிரிப்பை மாணவரிடமிருந்து மொழியின் பக்கம் திருப்பியிருக்கலாம். தமிழின் சொந்த ஒலிகளில் ‘ஃப’ இல்லை. ஆகவே குடிக்கிற கோப்பிக்கும் எழுதுகிற கொப்பிக்கும் இடையே நம் வாயில் ஓர் உயிரெழுத்தின் நீளம் மட்டுமே காவல் நிற்கிறது என்று சொல்லியிருக்கலாம். போர்த்துக்கேயர் கொண்டுவந்த சொல்லைப் ‘பாண்’ ஆக்கியதும், ஒல்லாந்தரின் சொல்லைக் ‘கந்தோர்’ ஆக்கியதும் நம் பாட்டன் பாட்டிமார் தம் நாவுக்கேற்ப வளைத்துக்கொண்டதால்தான். அன்று அவர்களைப் பார்த்து எவரும் சிரிக்கவில்லை என்றும் சேர்த்திருக்கலாம். பிறகு பற்களைக் கீழுதட்டில் மெல்ல வைத்து ஊதிக் காட்டி, எல்லோரையும் ஒன்றாகச் சொல்ல வைத்திருந்தால், அதே சிரிப்பு வந்திருக்கும், ஆளும் வந்திருப்பார்.

இரண்டாவது தவறு, நெருக்கம் என்று நினைத்து மரியாதையைக் குறைப்பது. ஆங்கிலத்தில் ‘யூ’ ஒன்றே எல்லாருக்கும் போதும். ஆனால் விளக்கத்தைத் தமிழில் சொல்லும்போது அந்த வசதி நமக்குக் கிடையாது. யாழ்ப்பாணப் பேச்சில் ‘நீ’ என்பதற்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் நடுவே ‘நீர்’ என்றொரு படி இருக்கிறது. ‘வாரும்’, ‘இரும்’, ‘சொல்லும்’ என்று அங்கே வளர்ந்தவர் அன்போடும் சமநிலையோடும்தான் பேசுகிறார். அதே ‘நீர்’ பதுளையிலிருந்து வந்து கொழும்பில் வேலை செய்யும் ஒருவரின் காதில், இவர் நம்மை ஒரு படி இறக்கிவிட்டார் என்று விழக்கூடும். வகுப்பில் எல்லோருக்கும் ‘நீங்கள்’ என்பதே பாதுகாப்பு. அதனால் கலகலப்பு ஒருபோதும் குறைவதில்லை.

பெயர் விடயமும் இதே வகைதான். ஆங்கில வகுப்பு என்பதால் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்று நான் முதலாண்டில் விதி போட்டேன். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை ஐம்பத்தெட்டு வயதுக்காரரைப் பெயர் சொல்லி அழைக்க முடியாமல் ‘அங்கிள்’ என்றே முடித்தாள். அவருக்கும் அதுவே இயல்பாக இருந்தது. இப்போது முதல் வகுப்பிலேயே ஒவ்வொருவரிடமும் எப்படி அழைக்க வேண்டும் என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதி வைத்துக்கொள்கிறேன். என்னைப் பெயர் சொல்லி அழைக்கும்படி கேட்டாலும் ‘சேர்’ என்றுதான் அழைப்பார்கள். அதை மாற்ற முனைவதில்லை. அந்தத் தூரம் அவர்களுக்கு வேண்டியிருக்கிறது.

பாடத்தோடு சம்பந்தமில்லாத நகைச்சுவையை நிறையச் சொல்வதும் தவறுதான், ஆனால் அது மெதுவாகத்தான் வெளிப்படும். சபை சிரிக்கும், ஆசிரியருக்குப் பெயர் கிடைக்கும், மாத முடிவில் யாருக்கும் இலக்கணம் நினைவிருக்காது. 1977 இல் வெளியான கப்லன், பஸ்கோ ஆகியோரின் ஆய்வில், நகைச்சுவை கலந்த விரிவுரை பொதுவான விளக்கத்தைக் கூட்டவில்லை. ஆனால் கருத்தோடு பிணைந்த நகைச்சுவை உதாரணத்தில் வந்த விடயங்கள் மட்டும் வாரங்கள் கழித்தும் கூடுதலாக நினைவில் இருந்தன. இஸ்ரேலிய உளவியலாளர் அவ்னர் சிவ் 1988 இல் வெளியிட்ட ஆய்வில், புள்ளிவிபரவியல் வகுப்பில் கருத்தை முதலில் விளக்கி, அதற்குப் பொருந்தும் நகைச்சுவையைச் சொல்லி, பின்னர் கருத்தை வேறு வார்த்தைகளில் மீண்டும் சொன்னபோது, பரீட்சைப் புள்ளிகள் உயர்ந்தன. ஒரு வகுப்புக்கு மூன்று நான்கு நகைச்சுவைக்கு மேல் சிவ்வின் ஆய்வில் பயன்படுத்தவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

என் வகுப்பில் இதற்கு உதவியது மட்டக்குளிக்குச் செல்லும் 155 ஆம் இலக்க பஸ். ‘ஐ வெயிட்டட்’ என்றால் காத்திருந்து முடிந்துவிட்டது, ‘ஐ ஹேவ் பீன் வெயிட்டிங்’ என்றால் இன்னும் காத்துக்கொண்டே இருக்கிறேன் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, வங்கியில் வேலை செய்யும் பெண் ஒருவர், “சேர், அப்படியென்றால் 155 இற்கு இறந்தகாலமே கிடையாது” என்றார். காலி வீதியில் அந்த பஸ்ஸுக்காக நின்ற எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்று மாதம் கழித்து அதே இலக்கணத்தைக் கேட்டபோது, ‘155 சேர்’ என்று பதில் வந்தது. நான் எழுதி வைத்துக்கொண்டு போன எந்தப் பகிடியும் அவ்வளவு வேலை செய்ததில்லை. மாணவர் சொல்லும் நகைச்சுவைக்கு இடம் விடாமல் தாமே மேடையை நிரப்பிக்கொள்ளும் ஆசிரியர் இழப்பது இதைத்தான்.

வட்டார வழக்கைப் போலச் செய்து காட்டுவதை அறவே விட்டுவிடுங்கள். கொழும்பு வகுப்பில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், முஸ்லிம் பேச்சு எல்லாம் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கும்; ஆசிரியர் எதைப் பாவனை செய்தாலும் ஒருவர் காட்சிப்பொருளாவார். அதே விடயம் உரியவர் வாயிலிருந்து வரும்போது வேறாகிவிடுகிறது. மருதானையிலிருந்து வரும் முஸ்லிம் சகோதரி ஒருமுறை, தம் வீட்டில் ‘தாத்தா’ என்றால் மூத்த சகோதரி என்றார். பக்கத்தில் இருந்தவருக்கு அது பாட்டனார், அலுவலகத்தில் சிங்களம் பேசுபவருக்கோ அப்பா. குடும்ப உறவுகளுக்கான ஆங்கிலச் சொற்கள் அன்று சிரமமில்லாமல் நடந்து முடிந்தன.

‘இந்த வயதில் படிக்க வந்தீர்களே’ என்பது பாராட்டாகச் சொன்னாலும் பாராட்டில்லை. தம்மைத் தாமே ஓயாமல் இழித்துப் பேசும் ஆசிரியரிடம், கட்டணம் கட்டியவருக்கு வேறு சந்தேகம் எழும். இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப் குழுவில் நகைச்சுவைப் படம் போடுவது நட்பில்லை, வீட்டுக்குள் நுழைவது. இலேசான மனநிலை என்ற பெயரில் வகுப்பை இருபது நிமிடம் நீட்டுவதும் அப்படியே. வீட்டில் சமைக்க வேண்டியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சிரிப்பார்.

தவறு நடந்துவிட்டால் அடுத்த வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் விளையாட்டாக மன்னிப்புக் கேட்பது, அதே காயத்தை இரண்டாம் முறை காட்டுவதாகும். தனியாக, அன்றே, பகிடி எதுவும் கலக்காமல் பேச வேண்டும். கடைக்காரரிடம் நான் தொலைபேசியில் பேசியது மூன்று வாரம் கழித்து. பண்டிகைக்குச் சரக்கு வருகிற காலம், நேரம் கிடைக்கவில்லை என்று மரியாதையாகச் சொன்னார். கோப்பி பற்றி நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.