தெருமுனை மின்மாற்றியின் பெயர்ப்பலகையைப் படித்தறிவது எப்படி

விளக்கு மங்குகிறது, மின்விசிறி தவழ்கிறது, அல்லது திடீரென்று பல்புகள் கண்கூசும் அளவுக்கு எரிகின்றன என்றால், காரணத்தைத் தேட வேண்டிய முதல் இடங்களில் ஒன்று தெருமுனையில் இரு கம்பங்களுக்கு நடுவே நிற்கும் டிரான்ஸ்பார்மர். அதன் தொட்டியில் பதித்திருக்கும் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரிந்தால் அது எப்படி இயங்குகிறது, எவ்வளவு சுமையைத் தாங்கும், எங்கே பழுதாகும் என்பவற்றில் பெரும்பகுதி விளங்கிவிடும். படிப்பதற்காக அருகில் போகத் தேவையில்லை, போகவும் கூடாது. உயரழுத்தக் கம்பியைத் தொடாமலே, மிக நெருங்கினாலே மின்சாரம் பாய்ந்துவிடும் என்பதால், சாலையின் மறுபக்கத்தில் நின்று கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் படம் எடுத்துக்கொள்வதே முறை.

பலகையில் முதலில் தேட வேண்டியவை 11000, 433 என்னும் இரண்டு எண்கள். தமிழ்நாட்டின் சில பகுதிகளில் முதல் எண் 22000 என்றும் இருக்கும். துணைமின் நிலையத்திலிருந்து 11,000 வோல்ட்டில் வரும் மின்சாரம் இங்கே 433 வோல்ட்டாக இறங்குகிறது என்பது இதன் பொருள். இந்த 433, மின்சாரம் கொண்டுவரும் மூன்று ஃபேஸ் கம்பிகளில் எவையேனும் இரண்டுக்கு இடையிலான அழுத்தம். ஒரு ஃபேஸுக்கும், மின்னோட்டம் திரும்பிச் செல்லும் பொதுக் கம்பியான நியூட்ரலுக்கும் இடையே அளந்தால் சுமையில்லாத நேரத்தில் 250 வோல்ட் இருக்கும். வழியில் ஏற்படும் வீழ்ச்சி போக வீட்டுக்கு 230 வோல்ட் அளவில் வந்து சேர வேண்டும் என்பதற்காகவே தொடக்கத்தில் சற்றுக் கூடுதலாக வைத்திருக்கிறார்கள்.

இந்த இறக்கம் நடக்கும் விதம் 1831இல் மைக்கேல் ஃபாரடே செய்த சோதனையில் இருக்கிறது. ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனியே கம்பி சுற்றி, ஒன்றில் மின்கலத்தை இணைத்தபோதும் துண்டித்தபோதும் மட்டுமே மற்றதோடு இணைத்த கருவியின் முள் அசைந்ததை அவர் கண்டார். சுருளை ஊடுருவும் காந்தப்புலத்தின் அளவு, அதாவது காந்தப் பாயம், மாறும்போதுதான் இரண்டாம் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும்; மாறாமல் நின்றால் ஒன்றும் நடக்காது. நொடிக்கு 50 சுற்றுகளாக மாறிக்கொண்டே இருக்கும் மாறுதிசை மின்சாரம் மின்மாற்றிக்குப் பொருந்துவதும், நேர்திசை மின்சாரத்தை நேரடியாகக் கொடுத்தால் சுருள் வெறுமனே சூடேறிக் கருகிப் போவதும் இதனால்தான். முதன்மைச் சுருளுக்கும் துணைச் சுருளுக்கும் இடையிலான சுற்றுகளின் விகிதம் எதுவோ, அதுவே மின்னழுத்த விகிதமும் ஆகும். நம் தெரு மின்மாற்றியில் ஒவ்வோர் உயரழுத்தச் சுருளும் 11,000 வோல்ட்டையும் ஒவ்வொரு தாழ்வழுத்தச் சுருளும் 250 வோல்ட்டையும் தாங்குவதால், தாழ்வழுத்தச் சுருளின் ஒவ்வொரு சுற்றுக்கும் உயரழுத்தச் சுருளில் 44 சுற்றுகள் இருக்கும். அதிகச் சுற்றுள்ள உயரழுத்தச் சுருள் மெல்லிய கம்பியாலும், மிகுந்த மின்னோட்டத்தைச் சுமக்கும் தாழ்வழுத்தச் சுருள் தடித்த கம்பியாலும் ஆனவை. இவற்றைத் தாங்கும் உள்ளகம் ஒரே இரும்புக் கட்டியாக இருந்தால் அதற்குள்ளேயே சுழல் மின்னோட்டம் பாய்ந்து வெப்பமாக வீணாகும் என்பதால், மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு தடிமனும் இல்லாத சிலிக்கான் எஃகுத் தகடுகளை, அப்பளம் அடுக்குவதுபோல் அடுக்கி, ஒன்றுக்கொன்று மின்தொடர்பு இல்லாதபடி பூச்சிட்டுக் கட்டுகிறார்கள்.

அழுத்தத்தை ஏற்றிவிட்டுப் பிறகு இறக்குவானேன் என்று கேட்கலாம். ஒரே அளவு திறனை 433 வோல்ட்டில் அனுப்புவதைவிட 11,000 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் சுமார் 25இல் ஒரு பங்காகிவிடும். கம்பியில் வெப்பமாகும் இழப்பு மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், அதே கம்பியில் இழப்பு ஏறத்தாழ 645இல் ஒரு பங்காகக் குறையும். மேட்டூர் அனல்மின் நிலையத்தின் மின்சாரம் நெடுந்தூரம் பயணப்பட முடிவது, நிலைய வாசலிலேயே ஏற்று மின்மாற்றி அதன் அழுத்தத்தைப் பல மடங்கு உயர்த்துவதால்தான்.

அடுத்துப் பார்க்க வேண்டியது கே.வி.ஏ. (கிலோவோல்ட் ஆம்பியர்) அளவில் குறிக்கப்படும் கொள்திறன். 25, 63, 100, 250 என்பவை தெருக்களில் அடிக்கடி காணப்படும் அளவுகள். கே.வி.ஏ. எண்ணை 1000ஆல் பெருக்கி, 433ஆலும் 1.732ஆலும் வகுத்தால், ஒரு ஃபேஸில் எத்தனை ஆம்பியர் எடுக்கலாம் என்பது தெரியும், 100 கே.வி.ஏ. மின்மாற்றிக்கு இது 133 ஆம்பியர். ஒன்றரை டன் ஏசி ஒன்று 7 ஆம்பியர் எடுப்பதாகக் கொண்டால் ஃபேஸுக்கு 19 ஏசிகளோடு கொள்திறன் முடிந்துவிடும், வேறு எதுவும் ஓடாத நிலையில்கூட. கோடையின் இரவுகளில் பழைய மின்மாற்றிகள் திணறுவது ஏன் என்பதற்கு இந்தக் கணக்கே போதுமான விடை.

பலகையில் Dyn11 (டி.ஒய்.என். 11) என்னும் குறியீடு இருந்தால், உயரழுத்தப் பக்கத்தின் மூன்று சுருள்கள் டெல்டாவாகவும், அதாவது முக்கோணமாகவும், தாழ்வழுத்தப் பக்கம் நட்சத்திர வடிவிலும் இணைக்கப்பட்டு, நட்சத்திரத்தின் நடுப்புள்ளி நியூட்ரலாக வெளியே வருகிறது என்று பொருள். இந்தச் சிறு குறியீடு பழுதைக் கண்டறிய மிகவும் உதவும். உயரழுத்தப் பக்கத்தின் மூன்று ஃபியூஸ்களில் ஒன்று போனால், டெல்டாவின் ஒரு சுருளுக்கு மட்டும் முழு அழுத்தம் கிடைக்க, மற்ற இரண்டும் தொடராக இணைந்து ஏறக்குறையப் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும். ஆகவே ஒரு ஃபேஸில் உள்ள வீடுகள் நன்றாக எரிய, மற்ற இரண்டில் விளக்குகள் சோர்ந்து கிடந்தால், ஐயம் அந்த ஃபியூஸ் மீதே விழ வேண்டும். சில வீடுகளில் விளக்கு மங்கி, வேறு சில வீடுகளில் அளவுக்கு மீறிப் பிரகாசித்தால் அது ‘நியூட்ரல் கட்’, அதாவது நியூட்ரல் கம்பி அறுந்துவிட்டது. குறைந்த சுமையுள்ள ஃபேஸில் அழுத்தம் 400 வோல்ட்டை நோக்கி ஏறித் தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றைச் சில நொடிகளில் எரித்துவிடும். அந்த நேரத்தில் ஆராய்ச்சி வேண்டாம். மெயின் சுவிட்சை உடனே அணைத்துவிட்டு அண்டை வீட்டாருக்கும் சொல்லுங்கள். மின்மாற்றிக்கு அருகிலுள்ள வீடுகள் நன்றாக இருந்து, கடைசிக் கம்பத்து வீடுகள் மட்டும் மங்கினால், குறை மின்மாற்றியில் அன்று, நீண்டு போன கம்பியில்தான்.

மெல்லிய ரீங்காரம் பழுதின் அறிகுறி அன்று. தகடுகள் காந்தமேறும்போது நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குவதால் எழும் இயல்பான ஓசை அது. தொட்டியில் எண்ணெய் வழிந்த கறை, கம்பி தொட்டிக்குள் நுழையும் இடத்திலுள்ள பீங்கான் காப்பானில் (புஷிங்) விரிசல், வெடிப்பொலி ஆகியவையே கவலைக்குரியவை. எண்ணெய் சுருளைக் குளிர்விப்பதோடு மின்காப்பாகவும் இருப்பதால் அது குறைவது இரட்டை ஆபத்து. பெரிய மின்மாற்றிகளில் ஒரு சிறு கண்ணாடிக் குடுவையில் சிலிக்கா ஜெல் தெரியும். நீலமாக இருக்க வேண்டிய மணிகள் இளஞ்சிவப்பாகியிருந்தால் அவை ஈரத்தால் நிறைந்துவிட்டன, மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

இவற்றைப் பிரிவு அலுவலகத்தின் உதவிப் பொறியாளரிடம் எழுதிக் கொடுக்கும்போது, “லோ வோல்டேஜ்” என்று மட்டும் எழுதாமல், அந்த மின்மாற்றியை அடையாளம் காட்டக் கம்பத்தில் எழுதியிருக்கும் எஸ்.எஸ். எண், பலகையில் கண்ட கே.வி.ஏ. அளவு, எந்த மணிக்கு எத்தனை வோல்ட் இருந்தது, எந்தெந்த வீடுகளில் மங்கியது என்பவற்றையும் சேர்த்தெழுதுங்கள். ஃபியூஸ் போடுவதா, சுமையை ஃபேஸ்களுக்கிடையே பிரிப்பதா, பெரிய மின்மாற்றி கேட்டு மதிப்பீடு அனுப்புவதா என்பதை அவர் அந்த ஒரு தாளிலிருந்தே முடிவு செய்யத் தொடங்கலாம்.