பல் செட்டும் உப்புத்தாளும்

சித்தப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கைக்குட்டைப் பொட்டலம் இருக்கும். உள்ளே கீழ் வரிசைப் பல் செட். கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்வரை வாயில் இருக்கும், பந்தியில் உட்கார்ந்ததும் பைக்குள் போய்விடும். தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் அவரைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் இதுவும் தெரியும்.

“செட்டு லூசாப் போச்சுப்பா” என்பார். செட் அப்படியேதான் இருந்தது, மாறியது அவருடைய தாடை. பல் பிடுங்கிய இடத்தில் எலும்பு கரைய ஆரம்பிக்கும். முதல் ஒரு வருடம் வேகமாக, அப்புறம் மெதுவாக, ஆனால் நிற்காமல். கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு கரைகிறது என்று பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் சொல்கின்றன. மேல் செட் அண்ணம் முழுக்கப் பற்றிக்கொள்ளும். கீழ் செட்டுக்கு லாடம் மாதிரி ஒரு வளைவுதான், நடுவில் நாக்கு வேறு தட்டிக்கொண்டே இருக்கும். அதனால் ‘மேல் செட் நன்றாக இருக்கிறதே, கீழே மட்டும் ஏன் ஆடுகிறது?’ என்று டாக்டரிடம் சண்டைக்குப் போவதில் அர்த்தமில்லை.

சித்தப்பா செய்ததிலேயே பெரிய தவறு, உப்புத்தாள். ஈறில் புண் வந்ததும் தச்சுக்கடையிலிருந்து ஒரு துண்டு வாங்கிவந்து, குத்துகிற இடத்தைத் தேய்த்தார். இரண்டு நாள் சுகம். பிறகு வேறு இடத்தில் குத்தியது, அங்கேயும் தேய்த்தார். வலிக்கிற இடம் ஒன்று, காரணம் இன்னொன்று என்பதுதான் இதில் உள்ள சங்கடம். வலது பக்கம் கடி, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேருகிற இடம், உயரமாக இருந்தால் செட் சாய்ந்து இடது பக்கம் புண்ணாக்கலாம். டாக்டர் செட்டின் உள்பக்கம் ஒரு வெள்ளைப் பசையைத் தடவிப் போட்டுப் பார்த்து, எங்கே அழுத்துகிறது என்று கண்டுபிடித்து, அங்கே மட்டும் துளி எடுப்பார். அதோடு, எச்சில் படலத்தோடு சேர்ந்து காற்றுப் புகாமல் அடைத்துப் பிடிப்பதே செட்டின் ஓரம்தான். அதைத் தேய்த்தால் இருந்த பிடிப்பும் போச்சு. உடைந்த செட்டை ஃபெவிக்விக் போட்டு ஒட்டுவதும் இதே ரகம். ஒரு இழை நகர்ந்து ஒட்டினாலும் கடி மாறிவிடும், சரியாகப் பழுது பார்ப்பதும் கடினமாகிவிடும்.

இன்னொன்று, பலரும் நல்ல எண்ணத்தில் செய்வது. வலிக்கிறதே என்று ஒரு வாரம் கழற்றி வைத்துவிட்டு டாக்டரிடம் போவார்கள். அதற்குள் புண் ஆறியிருக்கும், அவர் எதைப் பார்த்துச் சரிசெய்வார்? போகிற அன்று சில மணி நேரமாவது போட்டுக்கொண்டு போங்கள். ரீலைனிங் செய்ய, அதாவது செட்டின் உள்பக்கம் புதிதாக ஒரு அடுக்கு கொடுக்க, அளவெடுக்கும்போது கதை தலைகீழ். ஈறின் வீக்கம் வடிய, முன்னதாகவே கழற்றி வைக்கச் சொல்வார்கள்.

டாக்டரிடம் என்ன சொல்கிறோம் என்பதும் முக்கியம். சித்தப்பா இந்தியில் “டீலா ஹோ கயா” (லூசாயிடுச்சு) என்பதோடு நிறுத்திக்கொள்வார். எப்போது கழல்கிறது என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாலே தூக்கிவிட்டால் ஓரம் நீளமாக இருக்கலாம், மெல்லும்போது மட்டும் ஆடினால் கடியில் கோளாறு இருக்கலாம். தனியார் கிளினிக் செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்கு, மும்பை சிஎஸ்எம்டி ரயில் நிலையம் பக்கம் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி வளாகத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மும்பை சென்ட்ரலில் மாநகராட்சியின் நாயர் பல் ஆஸ்பத்திரி இருக்கிறது. செலவு குறைவு, பொறுமைதான் அதிகம் வேண்டும்.

செட் ஆடாமல் இருக்கக் கடையில் விற்கிற பசை தடவுவது தவறில்லை, ஆனால் மாதாமாதம் கூடுதலாகத் தடவ வேண்டியிருந்தால் செட்டைக் காட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. துத்தநாகம் கலந்த பசையை வருடக்கணக்கில் அளவுக்கு மீறிப் பயன்படுத்தியவர்களுக்கு உடலில் செம்பு குறைந்து கைகால் மரத்துப்போயிருக்கிறது. வாங்கும்போது துத்தநாகம் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

ராத்திரி கழற்றிவிடுங்கள். ஜப்பானில் 85 வயது தாண்டிய 524 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2015-ல் வெளியானது. செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா அபாயம் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. கழற்றியதைச் சாதாரணத் தண்ணீரில் போடுங்கள், வெந்நீரில் வளைந்துவிடும். டூத்பேஸ்ட் வேண்டாம், கீறல் விழும்.

இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணை மட்டும் ‘செட் குத்துது’ என்று விட்டுவிடாதீர்கள். வெற்றிலையில் புகையிலை வைக்கிறவர், குட்கா போடுகிறவர் என்றால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். புற்றுநோயும் இப்படித்தான் தொடங்கும்.

சித்தப்பாவின் செட்டுக்கு ரீலைனிங் செய்ய வழியில்லை, ஓரமெல்லாம் தேய்ந்துவிட்டது, புதிதாகத்தான் செய்ய வேண்டும் என்றார்கள். மனுஷன் கேட்கவில்லை. போன வருடம் சயானில் ஒரு கல்யாணப் பந்தியில், பொட்டலத்தை இலை ஓரம் வைத்துவிட்டுப் பாயசத்தில் மூழ்கிவிட்டார். பரிமாறுகிற பையன் இலையோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். நானும் சித்தியும் மண்டபத்துப் பின்பக்கம் எச்சில் இலைக் குவியலை முக்கால் மணி நேரம் கிளறினோம், கிடைக்கவில்லை. மறுநாள் காலை அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு, “எந்த ட்ரெய்ன்ல போகணும்?” என்றார்.