மலையேறும் டர்போ வண்டிக்குப் பிஸ்டன், ரிங் வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். ஊட்டி 2,240 மீட்டர். சமவெளியில் டர்போ (இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சுழலி) முழு பூஸ்டில், அதாவது முழு காற்றழுத்தத்தில், ஓடுவது ஓவர்டேக் செய்யும் அரை நிமிடம்தான். இங்கே லோடு வண்டி குன்னூர் ஏற்றத்தில் பர்லியாறைத் தாண்டினால் இரண்டாவது கியரில் பூஸ்ட் இறங்காமல் நிற்கும். அந்தச் சூட்டைத் தாங்க வேண்டியது பிஸ்டன் தலையும் அதைச் சுற்றி மாட்டிய மேல் ரிங்கும். குன்னூரில் இஞ்சின் வேலை செய்கிற எனக்கு, கடையில் தவறாக வாங்கிய பிஸ்டன் இந்த ஏற்றத்தில்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது.

வண்டிப் பெயரை மட்டும் சொல்லி செட் வாங்குவது பெரிய தவறு. ஒரே மாடலில் டர்போ உள்ளதும் இல்லாததும் இருக்கும், பிஸ்டனும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். டீசல் பிக்கப் என்றால் பிஸ்டனைக் கவிழ்த்துப் பாருங்கள். பல டர்போ டீசல் பிஸ்டன்களில் தலைக்குள் ஆயில் ஓடி வர ஒரு வளையப் பாதை இருக்கும், அதன் துளைகள் அடியில் தெரியும். மேல் ரிங் உட்காரும் பள்ளத்தில் இரும்பு வளையம் பதித்திருப்பார்கள். பழைய பிஸ்டனில் இவை இருந்து புதியதில் இல்லையென்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். அப்புறம், கீழிருந்து ஆயில் பீய்ச்சும் ஜெட் வளைந்திருந்தால் நல்ல பிஸ்டனும் வெந்துவிடும்.

ஃபோர்ஜ்டு (வார்க்காமல் அழுத்தி அடித்துச் செய்த பிஸ்டன்) என்றாலே உசத்தி என்று நினைக்கிறார்கள். அதிலும் இரண்டு ரகம். 4032 என்ற அலுமினியக் கலவையில் சிலிக்கான் சுமார் 12 சதவீதம். சூட்டில் குறைவாக விரியும். 2618-இல் சிலிக்கான் மிகக் குறைவு. அடி தாங்கும், ஆனால் அதிகம் விரியும், அதனால் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடைவெளி கூடுதலாக விட வேண்டும். மார்கழிக் காலையில் ஊட்டியில் ஸ்டார்ட் செய்தால் சூடேறும் வரை டக் டக்கென்று தட்டும். தினமும் ஓட்டும் பெட்ரோல் டர்போவுக்கு 4032 போதும் என்பது என் கருத்து. சுமை இழுக்கும் டீசலுக்குக் கம்பெனி ரகப் பிஸ்டனே நல்லது.

மலைக்காற்று மெல்லியது என்று பெட்ரோல் இஞ்சினில் கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் கலவையை நெருக்கும் அளவை) கூட்டிவிடுவதும் உண்டு. அந்த வண்டி கோடையில் கோவைக்கு இறங்கத்தானே போகிறது? அங்கே நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) வந்து, பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவில் உள்ள மேடு உடையும்.

எல்லாவற்றையும்விட அதிகம் இஞ்சினைக் கெடுப்பது தவறான ரிங் கேப், அதாவது ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவில் விடும் இடைவெளி. பெட்டியிலிருந்து எடுத்த ரிங்கை அப்படியே போட்டு அனுப்பிய வண்டி ஒன்று என்னிடம் வந்தது. ஏற்றத்தில் ரிங் விரிந்து, இரு முனைகளும் முட்டி, லைனரை (சிலிண்டரின் உள்சுவரை) கீறி, பிஸ்டன் மேட்டையும் பெயர்த்திருந்தது. கேப்பை அளந்து சரிசெய்யும் ஒரு மணி நேர வேலையை மிச்சம் பிடித்ததன் விலை அது.

சாதாரண பெட்ரோல் இஞ்சினுக்குப் போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 25 மி.மீ.க்கு 0.1 மி.மீ. கேப் என்பது பொதுக்கணக்கு, டர்போவுக்கு 0.13 முதல் 0.15. அதாவது 75 மி.மீ. போரில் 0.30 இருக்க வேண்டிய இடத்தில் 0.40 முதல் 0.45. ரிங் செய்தவர் தரும் தாளில் வேறு அளவு இருந்தால் அதுதான் இறுதி. ரிங்கைப் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் சமமாகத் தள்ளி, ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளில்) பாருங்கள். குறைந்தால் ஒரு முனையை மட்டும் நேராக அரம் போட்டு, பிசிறை எடுத்துவிடுங்கள். இரண்டாவது ரிங்குக்குப் பல தயாரிப்பாளர்கள் கொஞ்சம் கூடுதல் கேப் கேட்பார்கள். இரண்டு ரிங்குக்கும் நடுவில் சிக்கும் அழுத்தம் கீழே போக வழி வேண்டும், இல்லையென்றால் மேல் ரிங்கைத் தூக்கிவிடும். கேப் கூடினால் கொஞ்சம் புகைதான் கசியும், குறைந்தால் இஞ்சினே போகும்.

போரைக் கடைந்துவிட்டுப் பிஸ்டன் தேடாதீர்கள். முதலில் பிஸ்டனை வாங்கி, எண் போட்டு, லேத்தில் கொடுங்கள். ஒவ்வொன்றையும் அளந்து அதற்கேற்ற போரைக் கடைந்து ஹோன் செய்வார்கள் (உள்சுவரைக் கல்லால் தேய்த்துச் சரிசெய்வார்கள்).

மாட்டிய பிறகு வண்டியை நிறுத்தி வைத்து மணிக்கணக்காக ஐடிலில் விடவும் கூடாது, ரிங் படியாமல் போர் வழுவழுத்துவிடும். முதல் சில நூறு கிலோமீட்டர் லோடில்லாமல், கியரை மாற்றி மாற்றி, மிதமாக அழுத்தியும் விட்டும் ஓட்டுங்கள். ஊட்டி அருகே கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவுகளில் மூட்டை ஏற்றிப் பார்ப்பது அதற்கப்புறம் இருக்கட்டும்.