தூபக்கலசத்தில் புகை வராததற்குக் காரணம் சாம்பிராணி அல்ல

திருப்பலி தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் பல கத்தோலிக்கக் கோயில்களில் தூபக்கலசத்துக்கான கரியைப் பற்றவைக்கிறார்கள். முதல் தவறே இதுதான். கரி பாதி கறுப்பாக இருக்கும். சாமியார் ஒரு கரண்டி சாம்பிராணி போடுவார், புகை வராது. இன்னும் இரண்டு கரண்டி போடுவார். அது உருகிக் கரியை மூடிக்கொள்ளும், நெருப்பும் அணைந்துவிடும். எங்கள் பங்குக் கோயிலில் ஓர் அடக்கத் திருப்பலியில், சவப்பெட்டியைச் சுற்றி வரும்போது கலசம் குளிர்ந்து கிடந்தது. அந்த வீட்டார் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

சிரட்டைக் கரி என்றால் 20 நிமிடம் முன்பே மூட்டி, மேலே வெண்சாம்பல் பூத்து உள்ளே சிவந்த பிறகு கலசத்தில் எடுத்து வையுங்கள். வில்லைக் கரியில் சீக்கிரம் பற்றுவதற்காகப் பெரும்பாலும் வெடியுப்பு கலந்திருக்கும். பொறி பறந்து அடங்கும் முன்பே சாம்பிராணி போட்டால் வெடிமருந்து வாடைதான் வரும். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். சன்னல் சாத்திய அறைக்குள் மூட்டவும் கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, அதைச் சுவாசித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது திருப்பலியில் உதவும் நம் பீடச் சிறுவர்கள்.

அப்புறம் செலவு. சாம்பிராணி ஒரு தடவைக்கு 3 கிராம், ஒரு திருப்பலிக்கு 4 தடவை என்று வைத்தாலும் 12 கிராம்தான். ஒரு கிலோ 80 திருப்பலிக்கு மேல் வரும். இதில் மிச்சம் பிடிக்க நினைத்து மரத்தூளும் செயற்கை வாசனையும் கலந்த பொடியை வாங்கினால் கண் எரியும், பாடகர் குழு இருமும். இருமுகிறவர்கள் தூபத்தையே வெறுத்துவிடுகிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம்.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. குழந்தை இயேசுவுக்கு ஞானிகள் கொண்டுவந்ததாக மத்தேயு நற்செய்தியில் நாம் வாசிக்கும் ‘சாம்பிராணி’, ஓமன், ஏமன், சோமாலியா பக்கம் விளையும் மரத்தின் பிசின். கடையில் அதே பெயரில் கிடைப்பது பெரும்பாலும் சுமத்ரா பக்கத்து வேறொரு மரத்தின் பால். அதைப் போடுவதும் தவறில்லை. ஆனால் பழைய அந்த மணம்தான் வேண்டுமென்றால் குந்திரிக்கம் என்று கேட்டு வாங்குங்கள்.

தூபம் இல்லாவிட்டால் திருப்பலி குறைபட்டது என்று நினைப்பதும், பெருவிழாவுக்கு மட்டுமே தூபம் என்று நினைப்பதும் சரியில்லை. திருப்பலி முறைகளைச் சொல்லும் உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினைப்படி எந்தத் திருப்பலியிலும் விரும்பினால் பயன்படுத்தலாம். கலசத்தை எத்தனை தடவை வீச வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது: நற்கருணை, காணிக்கைப் பொருள்கள், பீடச் சிலுவை, நற்செய்தி நூல், பாஸ்கா திரி (உயிர்ப்புப் பெருவிழாவில் ஏற்றும் பெரிய மெழுகுதிரி), குரு, மக்கள் எல்லாவற்றுக்கும் மூன்று, புனிதர் சொரூபங்களுக்கு இரண்டு, அதுவும் திருப்பலியின் தொடக்கத்தில், பீடத்துக்குத் தூபம் காட்டிய பிறகு மட்டும்.

முடிந்ததும் எரிந்த கரியை வாடிய பூக்களோடு குப்பைக்கூடையில் கொட்டாதீர்கள். மேலே சாம்பலாகத் தெரிந்தாலும் உள்ளே வெகுநேரம் கனன்றுகொண்டிருக்கும். வெளியே ஒரு மண் வாளி வைத்து அதில் கொட்டுங்கள். காலையில் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருந்தால் எடுத்துப் போடலாம்.