புகைப்படத்தைப் பார்த்து முகம் வரைகிறவர்களுக்கு

"அப்படியே உரித்து வைத்ததுபோல் இருக்க வேண்டும்." ஓவியம் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் சொல்வது இதைத்தான். சொல்லிவிட்டுக் கையில் ஒரு புகைப்படத்தைத் தருவார்கள். அந்தப் படத்திலேயே சாயல் இல்லையென்றால் நான் எங்கிருந்து கொண்டுவருவது? அதனால் பென்சிலைத் தொடுவதற்கு முன், படத்தைத் தேர்ந்தெடுக்கவே ஒரு நாள் முழுவதும் எடுத்துக்கொள்கிறேன்.

நேர் எதிரிலிருந்து ஃபிளாஷ் போட்டு எடுத்த படம் வேண்டாம். மூக்கின் பக்கத்தில் நிழலே இல்லாத முகம் தட்டையாகிவிடும். வரைவதற்கு அதில் பிடிமானம் கிடைக்காது. கைப்பேசியை முகத்தருகே பிடித்து எடுத்த படத்தில் மூக்கு பெருத்து, காதுகள் பின்னால் போயிருக்கும். புதிதாக எடுக்க முடிந்தால், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி ஜன்னலோரம் உட்காரவைத்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுங்கள்.

மறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு படம்தான் இருக்கும். அதன்மேல் எதையும் எழுதாதீர்கள், கோடு போடாதீர்கள். பதினேழு வயதில், என் பாட்டியின் ஒரே படத்தின்மேல் பேனாவால் கட்டம் போட்டேன். அவருடைய வலது கன்னத்தின் குறுக்கே அந்தக் கோடு இன்றும் ஓடுகிறது. பல ஆண்டுகள் கழித்து அவரை வரைந்தபோது, கோட்டின் அடியில் மறைந்துபோன கன்னத்தை அம்மாவின் முகத்தைப் பார்த்து நிரப்பினேன். இப்போது யார் படம் தந்தாலும் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்துகொண்டு, மூலத்தை அன்றே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஸ்கேனிலிருந்து வண்ணத்தில் ஒரு பிரதி, கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுங்கள். எது எவ்வளவு இருட்டு என்பதைக் கறுப்பு வெள்ளைப் பிரதிதான் தெளிவாகக் காட்டும்.

பிரதியிலும் கேன்வாஸிலும் ஒரே எண்ணிக்கையில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பதை அதே இடத்துக் கட்டத்தில் பெரிதாக்கி வரைய வேண்டும். கணக்கு எளிது. 4×6 அங்குலப் பிரதியில் அரை அங்குலக் கட்டங்கள் போட்டால், 12×18 அங்குலக் கேன்வாஸில் ஒன்றரை அங்குலக் கட்டங்கள் வரும். இரண்டிலும் அகலத்தில் 8, உயரத்தில் 12. கண்ணும் வாயும் விழும் கட்டங்களை மட்டும் மீண்டும் நான்காகப் பிரியுங்கள். கட்டம் போடுவது கைத்திறமைக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். அமெரிக்க ஓவியர் சக் க்ளோஸ் தம் புகைப்படத்தின்மேல் கட்டம் போட்டுத்தான் 1967-68இல் ஏறக்குறைய ஒன்பது அடி உயரத்துக்குத் தம் முகத்தை வரைந்தார்.

வரையும்போது படத்தையும் கேன்வாஸையும் தலைகீழாகத் திருப்பிவையுங்கள். 'இது கண்' என்று தெரிந்துவிட்டால், கை தனக்குப் பழகிய கண்ணைப் போட்டுவிடும். தலைகீழாக இருந்தால் நிழலின் வடிவம் மட்டுமே கண்ணில் படும். சாயல் இருப்பது அந்த வடிவங்களில்தான். கீழுதட்டின் அடியில் விழும் நிழல் நூலளவு நகர்ந்தாலும் ஆளே மாறிவிடுகிறார்.

வண்ணத்துக்கு வருவோம். எண்ணெய் வண்ணமென்றால் முதலில் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து முகம் முழுக்கப் பூசி, வெளிச்சம் விழும் இடங்களைத் துணியால் துடைத்தெடுப்பேன். இந்த ஒற்றை நிறத்திலேயே ஆள் அடையாளம் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் மேலே எத்தனை நிறம் பூசினாலும் வராது. அது காய்ந்தபின் யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), காட்மியம் சிவப்பு, அல்ட்ராமரின் நீலம், டைட்டானியம் வெள்ளை ஆகிய ஐந்தே போதும். எந்தத் தோல் நிறமும் இவற்றிலிருந்து வரும். வெள்ளையை அள்ளிக் கலந்தால் முகம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். புகைப்படத்தில் நிழல் வெறும் கறுப்பாகத் தெரிந்தாலும் நீங்கள் கறுப்பைத் தொடாதீர்கள். அல்ட்ராமரினும் முதல் பூச்சுக்கு எடுத்த பர்ன்ட் அம்பரும் சேர்ந்தால் ஆழமான இருட்டு கிடைக்கும், அதில் உயிரும் இருக்கும். அடுத்தடுத்த பூச்சில் எண்ணெய் கூடிக்கொண்டே போக வேண்டும். மாறிப்போனால் மேற்பூச்சு பின்னாளில் வெடிக்கும்.

கண்ணை மிக அருகில் வைத்துப் பாருங்கள். விழியின் வெண்மை வெள்ளையாக இருக்காது. மேலிமையின் நிழல் விழுந்து சாம்பல் படிந்திருக்கும், மூக்கோர மூலையில் சிவப்பு ஏறியிருக்கும். கீழிமைக்குத் தடிமன் உண்டு. அதன் விளிம்பில் ஈரம் ஒரு மெல்லிய கோடாக மின்னும். அந்தக் கோட்டை விட்டுவிட்டால் கண் காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும். கருவிழியில் தெறிக்கும் ஒளிப்புள்ளியைக் கடைசியில், ஒரே தொடுதலில் வையுங்கள்.

சிரிக்கும் முகமா? பற்களுக்கு இடையே கோடு போடாதீர்கள். வரிசையை மொத்தமாக ஒரு வடிவமாக வரைந்து, ஓரங்களை நிழலில் கரையவிடுங்கள்.

முடிக்கும் முன் ஓவியத்தைக் கண்ணாடியில் பாருங்கள், கோணல் உடனே தெரியும். கடைசி நாளில் புகைப்படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேன்வாஸை மட்டுமே பார்த்து வேலை செய்கிறேன். எந்த இடத்தை மென்மையாக்குவது, எதை அப்படியே விடுவது என்பதை அந்த நேரத்தில் படத்திடம் கேட்கக் கூடாது.

எண்ணெய் வண்ணம் தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே காய ஆறு மாதமாவது ஆகும். அதனால் வார்னிஷ் பூசாமலேயே கொடுத்தனுப்பி, காய்ந்தபின் ஒருநாள் திரும்ப எடுத்துவரச் சொல்கிறேன்.