எம்பிராய்டரி டிசைனுக்குப் படம் தேடுவது எப்படி: சட்டச் சிக்கல் வராத வழி

டிஜிடைசிங், அதாவது படத்தை எம்பிராய்டரி மெஷின் படிக்கும் தையல் கோப்பாக மாற்றும் வேலை, கற்க வருபவர்கள் முதலில் எந்த மென்பொருள் நல்லது என்று கேட்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளும் அதனுடன் சேரும் இங்க்ஸ்டிச் என்ற தையல் நீட்சியும் தொடக்கத்துக்குப் போதும். உண்மையில் தலைவலி தருவது படம்தான். பிறர் வரைந்ததைத் தையலாக மாற்றி விற்க, வரைந்தவரின் அனுமதி வேண்டும். ‘முப்பது விழுக்காடு மாற்றினால் போதும்’ என்று பலரும் சொல்லும் கணக்குக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

படி 1: உரிமைக் காலம் முடிந்ததா?

இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த சனவரியிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். ரவி வர்மா 1906இல் இறந்தார். அவருடைய ஓவியங்களை யாரும் பயன்படுத்தலாம். அதே ஓவியத்தைப் போன மாதம் ஒருவர் கணினியில் புதிதாக வரைந்து வெளியிட்டிருந்தால் அந்த வடிவம் அவருடையது. மூலத்துக்கே போங்கள்.

அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு விற்பதானால் அங்குள்ள கணக்கையும் பார்க்க வேண்டும். அங்கே பழைய வெளியீடுகளுக்கு, வெளியான நாளிலிருந்து 95 ஆண்டுகள் வரை உரிமை இருக்கலாம். குழப்பமே வேண்டாம் என்றால் 19ஆம் நூற்றாண்டுப் படங்களோடு தொடங்குங்கள்.

படி 2: எங்கே தேடுவது?

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இலும், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகக் குழுமம் 2020இலும் இலட்சக்கணக்கான படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் திறந்துவிட்டன. தேடும்போது இப்படித் திறந்துவிட்ட படங்களை மட்டும் காட்டும் ‘ஓப்பன் ஆக்சஸ்’ வடிகட்டியைத் தேர்ந்தெடுங்கள். அதே தளத்தில் உரிமையுள்ள படங்களும் கலந்திருக்கும்.

ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற, பழைய தாவர, விலங்கு நூல்களின் இணைய நூலகம். தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை மதராசில் வெளியிட்ட ‘ஐகோனஸ்’ தொகுதிகளை அங்கே தேடிப் பாருங்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாவரப் படங்கள். அவற்றில் பல ரங்கையா, கோவிந்து என்ற நம் ஊர் ஓவியர்கள் வரைந்தவை. பல பக்கங்களின் அடியில் வரைந்தவர் பெயரும் கல்லச்சில் ஏற்றியவர் பெயரும் பொடி எழுத்தில் இருக்கும். அந்தப் பெயரையும் ஆண்டையும் குறித்துக்கொண்டால் முதல் படிக்கான விடை கையில் இருக்கிறது.

இவை கறுப்புக் கோட்டுப் படங்கள் என்பதால் தையலுக்கும் வசதி. ஓரத்தில் பூவையும் காயையும் அறுத்துக் காட்டும் சின்னப் படங்களை நீக்கிவிட்டு, ஒரு கிளையை மட்டும் எடுங்கள். இலை நரம்புக்கு ஒற்றைக் கோடாக ஓடும் ஓட்டுத் தையல், குறுகிய இதழுக்கு ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நெருக்கமாகப் போகும் சாட்டின் தையல், ஏறத்தாழ 7 மில்லிமீட்டருக்கு மேல் அகலமானால் பரப்பை வரிசை வரிசையாக மூடும் நிரப்புத் தையல். பக்கத்தின் உரிமைக் குறிப்பைப் படித்துவிட்டே பதிவிறக்குங்கள். அங்கும் சில நூல்களுக்கு நிபந்தனை உண்டு.

படி 3: உரிமக் குறியைப் படியுங்கள்

வரைந்தவரே தன் படத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் பொது உரிமங்கள்தான் கிரியேட்டிவ் காமன்ஸ். அதன் குறிகளில் சிசி ஜீரோ (CC0) என்றால் கவலையில்லை. பிஒய் (BY) என்றால் வரைந்தவர் பெயரை விற்பனைப் பக்கத்தில் போட வேண்டும். என்சி (NC) இருந்தால் விற்கக் கூடாது. என்டி (ND) இருந்தால் மாற்றியதை வெளியிடக் கூடாது, தையலாக்குவது மாற்றம்தான். பலரும் கவனிக்காதது எஸ்ஏ (SA): உங்கள் டிசைன் கோப்பையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும், அதாவது வாங்கியவர் அதை ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கலாம். விற்பனைக்கு இது ஒத்துவராது.

படங்களை விற்கும் தளங்களில் ‘ராயல்டி ஃப்ரீ’ என்று போட்டிருப்பது இலவசம் என்ற பொருளில் இல்லை. சட்டையில் தைத்து விற்க ஒரு விதி, டிசைன் கோப்பாக விற்க இன்னொரு விதி என்று பிரித்திருப்பார்கள். இரண்டையும் தேடிப் படியுங்கள்.

படி 4: ஓவியரிடம் அனுமதி

உயிரோடிருக்கும் ஓவியரின் படம் பிடித்திருந்தால் கேட்டு வாங்கலாம். எழுத்தில் வாங்குங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் நம் சட்டம் எடுத்துக்கொள்ளும். எனவே எத்தனை ஆண்டு, எந்த நாடுகள், தைத்த துணிக்கு மட்டுமா, கோப்புக்குமா என்று நான்கு வரியில் தெளிவாக எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கார்ட்டூன் பாத்திரங்களையும் கிரிக்கெட் அணிச் சின்னங்களையும் தொடவே வேண்டாம். அங்கே வணிகக் குறிச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். நீலகிரியின் தோடர் பூத்தையலுக்குப் புவிசார் குறியீடு உண்டு. மெஷினில் ஓட்டியதைத் ‘தோடா எம்பிராய்டரி’ என்று பெயரிட்டு விற்காதீர்கள். கோலம் பொது மரபு. ஆனால் ஒரு கோலப் புத்தகத்தின் பக்கத்தை அப்படியே எடுக்காமல், புள்ளி வைத்து நீங்களே போட்ட கோலத்தைப் படமெடுங்கள்.

படி 5: ஆதாரத்தைச் சேமியுங்கள்

ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு கோப்புறை. அதில் மூலப் படம், பக்க முகவரி, உரிமக் குறிப்பு தெரியும் திரைப்பிடிப்பு, பதிவிறக்கிய தேதி. தளங்கள் உரிமத்தை மாற்றுவதும் பக்கத்தை நீக்குவதும் உண்டு என்பதால் முகவரி மட்டும் போதாது. விற்பனைத் தளம் எப்போதாவது உங்கள் டிசைனை நிறுத்தி விளக்கம் கேட்டால், அந்தத் திரைப்பிடிப்பை அப்படியே அனுப்பிவிடலாம்.