இடியன் துவக்கை அட்டைத் தக்கை வைத்து நிரப்புவது எப்படி?

மாரிக் கதிர் பால்பிடிக்கும் நாட்களில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இரவுக்காவல் இருந்தவர்களுக்கு இந்தச் சத்தம் தெரியும். துவக்கின் குதிரை, அதாவது சுத்தி, விழும்; மருந்தைப் பற்றவைக்கும் சிறு வெடிமூடியான கெப் "டப்" என்னும், மறுகா ஒன்றுமிராது. பன்றி நின்று நிதானமாகத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகும். பரணில் இருக்கும் பெரியவர் "மருந்து பழுது மனே" என்பார், வெடிமருந்தைச் சொல்கிறார். நானும் பல காலம் அதைத்தான் நம்பினேன். பிறகுதான் தெரிந்தது, பழுது மருந்தில் இல்லை, அதற்கு மேலே நான் அடைத்த எண்ணெய்த் தும்பில்.

குழல் வாய்வழியாக மருந்து போட்டு இடித்து அடைக்கும் துப்பாக்கியை, துவக்கைத்தான் எங்கள் பக்கம் இடியன் என்கிறோம். இடிப்பதால் வந்த பெயரா, இடிபோல முழங்குவதால் வந்ததா என்று எனக்கும் என் மருமகனுக்கும் ஓயாத வழக்கு. அவன் இந்த வருடம்தான் பழகத் தொடங்கினான். அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இது அனுமதிப்பத்திரம் உள்ள துவக்குக்கான விளக்கம். இலங்கையின் 1916ஆம் ஆண்டுச் சுடுபடைக்கலன் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பத்திரத்தை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். கரிமருந்தும் அனுமதியோடு வாங்கும் பொருள்தான். பட்டறையில் தண்ணிக்குழாயில் செய்து விற்கும் இடியனைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அது எந்தப் பக்கத்தால் வெடிக்கும் என்று செய்தவனுக்கே தெரியாது. பழைய துவக்கென்றால், துவக்குத் திருத்தும் ஆளிடம் குழலைக் காட்டி, சுடத்தக்கது என்று அவர் சொன்ன பிறகு தொடங்குங்கள். யானையை இதனால் சுடாதீர்கள், சத்தத்தால் விரட்ட யானைவெடி இருக்கிறது. சன்னம் (ஈயச் சிறுகுண்டு) பட்ட யானை உடனே சாகாது, புண்ணோடு அலையும், அடுத்த வாடியைத்தான் உடைக்கும்.

தக்கைகள் மூன்று

குழலை அடைக்கும் வட்டத் துண்டுதான் தக்கை. துவக்கின் உள்ளே கீழிருந்து மேலாக இப்படி அடுக்கு வரும்: மருந்து, தடித்த அட்டை, எண்ணெய் ஊட்டிய மெத்தைத் தக்கை, சன்னம், மெல்லிய அட்டை. இந்த வரிசையை மனப்பாடம் செய்யுங்கள். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்தான்.

தடித்த அட்டை ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் கனம் இருக்க வேண்டும். அதற்கு இரண்டு வேலை. மருந்து எரியும்போது வரும் புகையைச் சன்னத்துக்குள் புகவிடாமல் குழலை அடைத்துத் தள்ளுவது ஒன்று. மேலே இருக்கும் எண்ணெயை மருந்தில் படவிடாமல் தடுப்பது மற்றது. எங்கள் ஊர்ப் பழக்கத்தில் தும்பையோ பழைய பேப்பரையோ உருட்டி நேரே மருந்தின் மேல் அடைப்பார்கள். வழுக்கி இறங்கட்டும் என்று அதில் தேங்காய் எண்ணெயும் தடவுவார்கள். மட்டக்களப்பு வெக்கையில் தேங்காய் எண்ணெய் உறையாது. பின்னேரம் நிரப்பினால் சாமத்துக்குள் மருந்தில் ஊறிவிடும். என் பன்றிகள் தப்பிய கதை இதுதான்.

மெத்தைத் தக்கை அரை அங்குலக் கனம். கம்பளி ஃபெல்ட் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சீலிங்குக்கு அடிக்கும் மென்பலகைத் துண்டில் வெட்டலாம். சன்னத்துக்கு மேலே வருவது 1 மில்லிமீற்றருக்கும் குறைந்த அட்டை. சேட்டுப் பெட்டி அட்டை போதும்.

அட்டைத் தக்கையைக் கடையில் தேடி அலைய வேண்டாம், நாமே வெட்டலாம். 12 போர்க் குழலின் உள்விட்டம் 18.5 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். ஒரு இறாத்தல் ஈயத்தில் 12 உருண்டை வார்த்தால் அதில் ஒன்று சரியாகப் பொருந்தும் குழல் என்பதுதான் 12 போரின் பொருள்; 16 போர் அதைவிட ஒடுக்கமாக இருப்பதும் அதனால்தான். பழைய துவக்குகள் ஒன்றைப்போல ஒன்று இருப்பதில்லை, ஆகவே வேர்னியர் வைத்து வாயை அளந்து பாருங்கள். கெஸ்கட் வெட்டும் பஞ்ச் 19 மில்லிமீற்றர் அளவில் எடுத்து, மரக்கட்டையின் மேல் அட்டையை வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. தக்கை குழலுக்குள் இறுக்கமாக, ஆனால் மடியாமல் போக வேண்டும். தானாக விழுந்தால் அது தக்கையில்லை, குப்பை. புத்தகம் கட்டும் சாம்பல் அட்டையில் 1.5 மில்லிமீற்றர்தான் கிடைத்தால் இரண்டைப் பசை போட்டு ஒட்டிக் காயவிட்டு வெட்டுங்கள்.

மெழுகும் எண்ணெயும்

கரிமருந்து எரிந்தால் பாதிகூட வாயுவாக மாறுவதில்லை. மீதியில் ஒரு பகுதி கரியும் உப்புமாகக் குழலிலேயே படியும். இரண்டு மூன்று வெடிக்குப் பிறகு இடிகோல் இறங்க மறுப்பது அதனால்தான். அந்தப் படிவை இளக்கமாக வைத்திருப்பதுதான் எண்ணெயின் வேலை. மோட்டார் சைக்கிள் ஒயில் வேண்டவே வேண்டாம். பெற்றோலிய எண்ணெய் கரிமருந்துப் படிவோடு சேர்ந்தால் தார்போலப் பிடித்துக்கொள்ளும், சுரண்டி எடுக்க ஒரு நாள் போகும். மிருகக் கொழுப்பு, தாவர எண்ணெய், தேன்மெழுகு: இவற்றுக்குள்ளேயே நில்லுங்கள். கொழுப்பில் உப்புக் கலந்திருக்கக் கூடாது.

நான் செய்வது: தேன்மெழுகு ஒரு பங்கு, நல்லெண்ணெய் இரண்டு பங்கு. காட்டுத் தேன் எடுப்பவர்களிடம் அடையைக் கேட்டு வாங்கி, வெந்நீரில் உருக்கி, துணியில் வடித்தால் மெழுகு மேலே கட்டும். அதை எண்ணெயோடு சேர்த்து, சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். அடுப்பில் நேரே வைத்தால் மெழுகு தீப்பிடிக்கும். மருந்துப் போத்தல் அந்தக் குசினியிலேயே இருக்கக் கூடாது. ஆறியதும் விரலால் அழுத்திப் பாருங்கள். சப்பாத்துக்குப் பூசும் பொலிஷ் போல இருந்தால் சரி.

காலத்துக்கேற்ப மாற்றவும் வேண்டும். வறண்ட கச்சான் காற்று அடிக்கும் சிறுபோகத்தில் குழலுக்குள் படிவு காய்ந்து ஓடுபோல இறுகும். அப்போது எண்ணெயை ஒரு பங்கு கூட்டுவேன். மாரியில் காற்றின் ஈரத்தையே படிவு உறிஞ்சி இளகிக்கொள்ளும். அப்போது மெழுகு கூடினாலும் பாதகமில்லை.

புதிதாகப் பழகுபவர்கள் பிழைவிடும் இடம் இது: மெத்தைத் தக்கையை முழுதாக எண்ணெய்க்குள் போட்டு ஊறவிடுவார்கள். அப்படி ஊறிய தக்கை பாரமாகி, குழலை விட்டு வெளியேறியதும் சன்னத்தின் நடுவே ஊடுருவிப் பறக்கும். 20 மீற்றர் தூரத்தில் பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டிக் கட்டிச் சுட்டுப் பாருங்கள், சுற்றிவரச் சன்னம் பட்டு நடுவில் மட்டும் வட்டமாக வெறுமை தெரிந்தால் எண்ணெய் கூடிவிட்டது. விளிம்பை மட்டும் உருகிய கலவையில் உருட்டி எடுத்தால் போதும். குழலில் உரசுவது விளிம்புதானே.

நிரப்புதல்

வெற்றிலை, சுருட்டு, பீடி எல்லாவற்றையும் முதலில் தூர வையுங்கள். சுருட்டு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. வெற்றிலையை ஏன் சொன்னேன் என்றால், ஈயம் தொட்ட கையால் எதையும் வாயில் போடக் கூடாது.

ஒன்று: குழல் வெறுமையா என்று பாருங்கள். இடிகோலை உள்ளே விட்டால் "கணீர்" என்று இரும்பில் அடிக்க வேண்டும். "பொத்" என்றால் பழைய நிரப்பு உள்ளே இருக்கிறது. வெறுங்குழலில் இடிகோல் வாயோடு சேரும் இடத்தில் ஒரு கோடு கீறிவிடுங்கள். அந்தக் கோடு உயிர் காக்கும்.

இரண்டு: உலர்ந்த துணியால் குழலைத் துடைத்து, வெறுங்குழலில் ஒன்றிரண்டு கெப் வெடியுங்கள். வாயைப் புல்லுக்கு நேரே பிடித்தால், கெப்பின் நெருப்பு மருந்துக்குப் போகும் துளை திறந்திருக்கிறது என்பதற்குச் சாட்சியாகப் புல் அசையும். அசையாவிட்டால் துளையில் எண்ணெய் அடைத்திருக்கிறது. பிறகு வெடித்த கெப்பை எடுத்துவிட்டு, குதிரையை அரைநிலையில் நிறுத்துங்கள். தக்கை இறங்கும்போது காற்று அந்தத் துளையால் வெளியேற வேண்டும்.

மூன்று: மருந்து. கரிமருந்து மட்டுமே. தோட்டாவை உடைத்து எடுத்த புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகை கலந்தாலும் குழல் பிளக்கும். இதில் பேச்சுக்கு இடமில்லை. 12 போருக்கு இரண்டரை டிராம், அதாவது 68 கிரெயின், கிராமில் சொன்னால் ஏறக்குறைய நாலரை. அதற்கு ஒரு அவுன்ஸ், 28 கிராம் சன்னம். பழகுபவருக்கு இது போதும். உங்கள் துவக்கைச் சோதித்தவர் குறைவாகச் சொன்னால் அவர் சொன்னதே அளவு. மருந்தை எப்போதும் தனி அளவுக் குவளையில் எடுத்துத்தான் ஊற்ற வேண்டும், கொம்பிலிருந்தோ போத்தலிலிருந்தோ நேரே ஊற்றக் கூடாது. முந்திய வெடியின் தணல் ஒரு பொட்டு உள்ளே இருந்தால், கையில் உள்ளது குவளையென்றால் விரல் சுடும், போத்தலென்றால் கையே போகும்.

நான்கு: தடித்த அட்டை. வாயில் சற்றுச் சரித்து வைத்து, உள்ளே போனதும் நிமிர்த்தி, இடிகோலால் ஒரே சீராக இறக்குங்கள். இடிகோலை உள்ளங்கையால் அழுத்தாமல் விரல்களால் பிடியுங்கள். முகமும் நெஞ்சும் குழல் வாய்க்கு விலகி இருக்கட்டும். அட்டை மருந்தில் உட்கார்ந்ததும் கொஞ்சம் அழுத்துங்கள். மருந்துக்கும் தக்கைக்கும் இடையே வெறுமை இருந்தால் குழல் அந்த இடத்தில் வீங்கும். பெயர் இடியன் என்பதற்காக உலக்கைபோல இடிக்கவும் வேண்டாம்.

ஐந்து: விளிம்பில் மெழுகு தடவிய மெத்தைத் தக்கை. ஆறு: சன்னம். ஏழு: மெல்லிய அட்டை, நடுவில் ஊசியால் ஒரு துளை குத்தி. துளை இல்லாவிட்டால் கீழே சிக்கிய காற்று அட்டையை மெல்ல மேலே தள்ளும். துவக்கை வாய் கீழாகத் தோளில் மாட்டி நடந்து பரணுக்குப் போவதற்குள் சன்னம் முழுக்க வரப்பில் கொட்டியிருக்கும்.

நிரப்பியதும் இடிகோல் வாயோடு சேரும் இடத்தில் இரண்டாவது கோடு கீறுங்கள். இனி ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு சரியா என்று பாருங்கள். கோடு மேலே நின்றால் இரட்டை நிரப்பு, அல்லது தக்கை தன் இடம்வரை இறங்கவில்லை.

கெப் வைப்பது கடைசி வேலை, சுடும் இடத்தில் நின்றுதான். வைத்த பிறகு நடக்காதீர்கள், பரணில் ஏறாதீர்கள். இரட்டைக்குழல் என்றால், ஒன்றைச் சுட்டு மீண்டும் நிரப்பும்முன் மற்றக் குழலின் கெப்பைக் கழற்றுங்கள்; உதைப்பில் அதன் மேல் அட்டை முன்னே நகர்ந்திருக்கும், இடிகோலால் தட்டிப் பாருங்கள்.

கெப் வெடித்து மருந்து பற்றாவிட்டால், வாயை அதே திசையில் பிடித்தபடி ஒரு முழு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். சில நேரம் தாமதித்து வெடிக்கும். பிறகு புதுக் கெப் வைத்துப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால், கெப் இல்லாமல், கெப் வைக்கும் முனையின் துளை வழியாகத் தண்ணீர் விட்டு மருந்தை நனைத்து, தெரிந்தவரிடம் கொடுத்துக் கழற்றுங்கள்.

இன்னொன்று. சுட்ட அட்டை சில நேரம் புகைந்துகொண்டே போய் விழும். வெட்டிய வைக்கோல் கிடக்கும் வயலில் அது எங்கே விழுந்தது என்று போய்ப் பார்த்து மிதித்துவிட்டு வாருங்கள்.

கழுவுதல்

அன்றிரவே கழுவ வேண்டும். விடியட்டும் என்று வைத்தால் வாவிக் காற்றில் செம்மண் நிறத் துரு காலையிலேயே பூத்திருக்கும். படிந்த உப்பு ஈரத்தை இழுக்கும், அதுதான் காரணம். குழலைக் கட்டையிலிருந்து கழற்றி, கெப் வைக்கும் முனையையும் திருகிக் கழற்றி, சவர்க்காரம் கலந்த சுடுநீர் வாளியில் குழலின் அடிப்பக்கத்தை வைத்து, துணி சுற்றிய கோலால் பம்பு அடிப்பதுபோல மேலும் கீழும் இழுங்கள். கறுப்புத் தண்ணீர் தெளிந்ததும் வெறும் சுடுநீரால் ஒருமுறை. சூட்டிலேயே பாதி உலர்ந்துவிடும், மீதியைத் துணியால். பிறகுதான் துவக்கு எண்ணெய், மெல்லியதாக. தேங்காய் எண்ணெய் பூசி மாதக்கணக்கில் வைத்தால் பிசுபிசுத்துக் காறல் மணம் பிடிக்கும்.

அந்த எண்ணெயை அடுத்த முறை நிரப்பும்முன் துடைத்து எடுக்க மறந்தால் மீண்டும் "டப்"தான். மருமகன் போன கிழமை அதைத்தான் செய்தான். "மருந்து பழுது மாமா" என்றான்.